நான் திட்டினது அவரைக்கொடியை

நான் திட்டினது அவரைக்கொடியை. அதை முதல்லயே சொல்லிடறேன் அம்மிணி. பாதிக் கதையைக் கேட்டுட்டு நீ பாட்டுக்கு அன்னூர்ல இறங்கிப் போயிட்டின்னா என்னைத் தப்பா நினைச்சுக்குவே.

நீ போன்ல உங்க வீட்டுக்காரரைப் பேசினதைக் கேட்டேன். ஒட்டுக் கேக்கலை. பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா காதுல விழத்தானே செய்யும். ‘வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, அதைக்கூடச் செய்ய முடியாதா’ன்னு கேட்டே பாரு, அது தப்பு. ஆம்பளைங்களை அப்படிக் கேக்கக்கூடாது. என் மாப்பிள்ளை ஏழு மாசம் வேலையில்லாம எங்க வீட்டு மாடியில உக்காந்திருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்லை. ஆனா கோபியில எங்க காலனிக்குப் போய் விசாரிச்சுப் பாரு. சுலோசனா டீச்சர் மாப்பிள்ளையைத் திட்டித் திட்டியே ஊரை விட்டுத் துரத்திட்டான்னு சொல்லுவாங்க. இஸ்திரி போடறவர்கூடச் சொல்லுவார்.

நான் பி.டி. டீச்சர். முப்பத்திரண்டு வருஷம் பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல விசில் ஊதினவ. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரிடையர் ஆனேன். வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. வீட்டுல நான், மகள் இந்துமதி, மாப்பிள்ளை தரணிதரன். மகளுக்குக் கோபியிலயே பேங்க்ல வேலை. மாப்பிள்ளைக்குப் பெங்களூர் கம்பெனி, ஆனா வேலை எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான். காலையில ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்துவார். உள்ள இங்கிலீஷ் கேக்கும். சாயங்காலம் கதவைத் திறப்பார். நல்ல மனுஷன். என்கிட்ட ரெண்டு வருஷத்துல மொத்தம் நாப்பது வார்த்தை பேசியிருப்பார். அதுல முப்பது ‘போதும் அத்தை’. சாப்பாட்டுல.

ரிடையர் ஆனதுக்கப்புறம் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு யாரை லைன்ல நிக்க வைக்கிறது? பக்கத்து வீட்டு பேபி அக்காதான் சொன்னாங்க, ‘டீச்சர், பின்னாடி ரெண்டு சென்ட் சும்மா கிடக்குது, ஆடிப் பதினெட்டுக்கு அவரை போடுங்க’ன்னு. அஞ்சு விதை குடுத்தாங்க. அஞ்சையும் போட்டேன். ஒண்ணுதான் முளைச்சுது. சரி, ஒண்ணே இருந்தாலும் ஒழுங்கா வளர்த்துடலாம்னு பந்தல் போட்டேன். நாலு கல்லுக்கால், மேல மூங்கில், குறுக்க சணல் கயிறு. கோர்ட்டுக்குக் கோடு போட்டுப் பழகின கை பாரு, மூலைக்கு மூலை அளவு சுத்தமா இருக்கும்.

ஆவணியில மாப்பிள்ளைக்கு வேலை போச்சு. கம்பெனியில இருந்து ஒரு மெயில் வந்துச்சாம், அவ்வளவுதான். மகள் என்னைச் சமையல்கட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. ‘அம்மா, நீ அவர்கிட்ட வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு வார்த்தை. பேசினா நாங்க வாடகை வீட்டுக்குப் போயிடுவோம்’னா. ‘நான் எதுக்குடி பேசப்போறேன்’னேன். பாரியூர் அம்மன் படத்துமேல கை வச்சு சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணினேன். பண்ணின சத்தியத்தை மீறலை. அதை நீ குறிச்சு வச்சுக்கோ.

இந்தக் கொடி இருக்குதே, அது வளர்ந்துச்சு அம்மிணி. அப்படி ஒரு வளர்த்தி. புரட்டாசியில பந்தலை மூடிடுச்சு. அப்புறம் துணி காயப்போடற கம்பியைப் பிடிச்சுது. மோட்டார் ரூமைப் பிடிச்சுது. சுவத்துல ஏறி மாப்பிள்ளை ரூம் ஜன்னல் கம்பியைச் சுத்திக்கிச்சு. இலை ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை அகலம். ஆனா பூ இல்லை. ஒரு மொட்டுகூட இல்லை.

பேபி அக்கா, ‘மார்கழி வரைக்கும் பொறுங்க டீச்சர், பனி விழுந்தாத்தான் பூக்கும்’னாங்க. எனக்குப் பொறுக்கிற பழக்கமில்லை. மணி அடிச்சா வந்து நிக்கணும். புளிச்ச மோர் தெளிச்சேன். புண்ணாக்குக் கரைச்சு ஊத்தினேன். சாம்பல் தூவினேன். ஒண்ணும் நடக்கலை. அப்புறம் நர்சரிக்காரர் ஒருத்தர், ‘செடிகிட்டப் பேசுங்கம்மா, பேச்சுக் குடுத்தா அது கேக்கும்’னார்.

பேசினேன். எனக்குத் தெரிஞ்ச பேச்சு ஒண்ணுதான். கிரவுண்டுல இந்தக் கோடியில நின்னு பேசினா அந்தக் கோடியில இருக்கிற பிள்ளைக்குக் கேக்கணும். அப்படித்தான் முப்பத்திரண்டு வருஷம் பேசினேன்.

ஐப்பசி ஒண்ணாம் தேதி காலையில ஆறரை மணிக்குப் பந்தலடியில போய் நின்னேன். ‘எத்தனை மாசம் ஆச்சு? நேரா நேரத்துக்குக் கொட்டிக்கிறே இல்ல? நல்லா நீட்டி நிமிர்ந்து படுத்துக்கிட்டு வெயில் காயறே இல்ல? வெக்கமா இல்லை உனக்கு? பக்கத்து வீட்டுலயும்தான் இருக்குது, இந்நேரம் அது எப்படி இருக்குதுன்னு எட்டிப் பாரு’ன்னேன். கொடியைத்தான். பேபி அக்கா வீட்டுல பனிக்கு முன்னாடியே ஒண்ணு ரெண்டு மொட்டு வச்சிருந்துச்சு.

மேல ஜன்னல்ல ஒரு சத்தம். நாற்காலி நகர்ற மாதிரி. நான் கண்டுக்கலை.

மறுநாளும் போனேன். தினமும் போனேன். பத்து நிமிஷம், அவ்வளவுதான், டிரில் மாதிரி. ‘எந்திரி, நிமிர்ந்து நில்லு’ன்னு நான் சொல்லும்போது கொடி அசையாது, மாடியில நாற்காலிதான் கிறீச்சுன்னு கேக்கும். பாவம், மனுஷன் எவ்வளவு காலையிலயே எந்திரிச்சுப் படிக்கிறார்னு நினைச்சுக்குவேன்.

ஒரு வாரம் கழிச்சு ஜன்னல் கதவு திறந்துச்சு. மாப்பிள்ளை தலையை நீட்டினார். முகமெல்லாம் வெளுத்துப்போய் இருந்துச்சு.

‘அத்தை, கொஞ்சம் டைம் ஆகும்ங்க’ன்னார்.

எனக்கு ஆச்சரியம். ரெண்டு வருஷத்துல சாப்பாட்டைத் தவிர வேற விஷயம் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவரைக்கொடி மேல அவருக்கும் அக்கறை இருக்குதுன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

‘இன்னும் எவ்வளவு டைம் மாப்பிள்ளை? குடுக்கவேண்டியதெல்லாம் குடுத்தாச்சு’ன்னேன்.

‘இந்த வருஷம் எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்குதுங்க அத்தை. மார்க்கெட்டே சரியில்லை.’

‘காய்ச்சாத்தானே மார்க்கெட்டுக்கு? இது வீட்டுக்கே உதவலையே.’

ஜன்னலைச் சாத்திட்டார்.

அதுக்கப்புறம் அடிக்கடி பேசினோம் அம்மிணி. நான் கீழ, அவர் மேல, நடுவுல கொடி. ஒரு நாள், ‘நாலஞ்சு இடத்துல தெரியுதுங்க அத்தை, ஒண்ணாவது அமைஞ்சுடும்’னார். நான் பந்தல் முழுக்கத் தேடினேன், ஒரு இடத்துலயும் மொட்டு தெரியலை. இன்னொரு நாள், ‘பழைய ரகத்தை யாரும் இப்ப எடுக்கறதில்லைங்க. புது ரகமாக் கேக்கறாங்க’ன்னார். விதை விஷயத்துல இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காரேன்னு நினைச்சு நானும் சமமாப் பேசினேன். ‘விதை நல்ல விதைதான் மாப்பிள்ளை. வளர்ந்த விதத்துலதான் ஏதோ கோளாறு. சின்னதுலயே கிள்ளி விட்டிருக்கணும், கிள்ளாம விட்டாச்சு’ன்னேன். அன்னைக்கு அவர் மத்தியானம் சாப்பிட வரலை. அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணி ரொம்ப நேரம் பேசிட்டிருந்தார்னு மகள் சொன்னா. எதுக்குன்னு எனக்குத் தெரியலை.

ஆள் இளைச்சுப்போனார். மூணு இட்லி ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. ‘டயட்டுங்களா மாப்பிள்ளை’ன்னு கேட்டேன். ‘போதும் அத்தை’ன்னார். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவ. வேலைக்கும் இட்லிக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு அதையும் அதோட விட்டுட்டேன்.

இது புளியம்பட்டிதானே? இல்லை, நீ உக்காரு. அன்னூருக்கு இன்னும் நேரம் இருக்குது.

மார்கழி பொறந்துச்சு. பேபி அக்கா வீட்டுக் கொடி கொத்துக் கொத்தாப் பூத்துத் தள்ளுது. அவங்க ஒரு கிண்ணம் காயைச் சுவத்துமேல வச்சுட்டு, ‘பொரியல் பண்ணுங்க டீச்சர்’னு சொன்னதும் எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவங்க எதுவும் மனசுல வச்சுக்கிட்டுக் குடுக்கலை, நல்ல பொம்பளை. அவங்கதான் கடைசி வைத்தியத்தையும் சொன்னாங்க. அவங்க மாமியார் ஊர்ல செய்வாங்களாம். காய்க்காத கொடிக்கு முன்னாடி ஒருத்தர் அரிவாளோட போய் ‘வெட்டப்போறேன்’னு நிக்கணும். இன்னொருத்தர் ஓடி வந்து, ‘வேண்டாம், இந்த ஒரு தடவை விட்டுடுங்க, நிச்சயம் காய்க்கும்’னு கெஞ்சணும். கொடி பயந்துபோய்க் காய்ச்சுடுமாம்.

அரிவாளுக்கு நான் இருக்கேன். கெஞ்சறதுக்கு ஆள்? பேபி அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம், ஓடி வர முடியாது. மகள், ‘எனக்கு ஆடிட்டிங் இருக்குது, ஆளை விடு’ன்னுட்டா. மாடிக்குக் குரல் குடுத்தேன். ‘மாப்பிள்ளை, ஒரு பத்து நிமிஷம் சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் கீழ வாங்க.’

வந்தார். விவரம் சொன்னேன். என் கையில இருக்கிற அரிவாளையே பார்த்துட்டிருந்தார். ‘நான் கெஞ்சணுங்களா அத்தை’ன்னு கேட்டார். ‘ஆமா மாப்பிள்ளை. மனசாரக் கெஞ்சணும். கடமைக்குச் சொன்னா அதுக்குத் தெரிஞ்சுடும்’னேன்.

செவ்வாய்க்கிழமை, காலையில ஏழு மணி. பேபி அக்கா சுவத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. பால்காரர் வண்டியை நிறுத்திட்டார். இஸ்திரி போடறவர் துணி வாங்க வந்தவர், அப்படியே நின்னுட்டார். நான் சேலையை இழுத்துச் சொருகிட்டு அரிவாளை ஓங்கிக்கிட்டுப் போனேன்.

‘எதுக்கு இருக்கே நீ? யாருக்கு என்ன பிரயோஜனம்? என் மகள் வெளிய போய் உழைச்சுட்டு வந்து உனக்குத் தண்ணி ஊத்தணும், நீ படர்ந்துக்கிட்டே இருப்பே இல்ல? இன்னையோட சரி. வேரோட வெட்டி வெளிய எறிஞ்சுபோட்டு வேற ஒண்ணைக் கொண்டுவந்து வைக்கப்போறேன்.’

அவர் வந்தார் அம்மிணி. ஓடி வரலை. நடந்து வந்து கல்லுக்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். மண்ணுல மண்டி போட்டுட்டார். நான் அதெல்லாம் சொல்லிக் குடுக்கவே இல்லை.

‘வேண்டாம் அத்தை. இன்னும் ரெண்டு மாசம் குடுங்க. அது சும்மா இல்லைங்க. வெளிய ஒண்ணும் தெரியலைங்கறதுக்காக உள்ள ஒண்ணும் நடக்கலைன்னு நினைக்காதீங்க. தினமும் எந்திரிச்சு, தினமும் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்குது. யாரும் கூப்பிடலைன்னா அது என்னங்க பண்ணும்? நூத்தி இருபது பேருக்கு…’ன்னு சொல்லி அழுதுட்டார். கண்ணுல தண்ணி தாரையா வருது. பால்காரர் துண்டால மூக்கைத் துடைக்கிறார். பேபி அக்கா, ‘டீச்சர், போதும் டீச்சர், அரிவாளைக் கீழ போடுங்க’ங்கறாங்க.

நான் ஸ்கூல் ஆண்டு விழாவுல எத்தனையோ நாடகம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை. அரிவாளைக் கீழ வச்சுப்போட்டுக் கை தட்டினேன். வேற யாரும் தட்டலை. அந்த நூத்தி இருபது என்ன கணக்குன்னுதான் புரியலை. இலையை எண்ணியிருப்பார்னு நினைச்சேன்.

நாலாம் நாள் காலையில போய்ப் பார்க்கிறேன், காய் தொங்குது. அஞ்சு காய், நல்லா முத்தின காய். பூ எப்ப பூத்துச்சு, பிஞ்சு எப்ப விட்டுச்சு, நான் பார்க்கவே இல்லை. இலை அடர்த்தியில மறைஞ்சிருக்கும். ‘மாப்பிள்ளை, காய்ச்சுடுச்சு’ன்னு கத்தினேன். ஜன்னல்ல இருந்து, ‘நல்லதுங்க அத்தை’ன்னார்.

அன்னையிலிருந்து தினமும் காய். ஒரு விஷயம் கவனிச்சேன். பேபி அக்கா கொடியில கொத்துக் கொத்தாக் கோணல்மாணலாக் காய்க்குது. என் கொடியில ஒவ்வொரு காயும் தனித்தனியா, ஒரே உயரத்துல, லைன்ல நின்ன மாதிரி. என் கையில வளர்ந்த கொடி, ஒழுங்கு வரத்தானே செய்யும். அதுலயும் திங்கக்கிழமை பச்சையாக் காய்க்கும், செவ்வாய்க்கிழமை ஊதா ஓரம் போட்டுக் காய்க்கும். ஒரு நாள் கொத்தவரங்காய் ரெண்டு காய்ச்சிருந்துச்சு. கலப்பு விதையா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நான் திட்டறதை நிறுத்திட்டேன். காலையில போய் ‘வெரி குட்’னு மட்டும் சொல்லிட்டு வந்துடுவேன்.

வீட்டுக்குள்ளயும் எல்லாம் நல்லபடியா மாறிச்சு. மாப்பிள்ளை விடிஞ்சும் விடியாம வாக்கிங் கிளம்பிடறார். உழவர் சந்தைப் பக்கம் போறார்னு சொன்னாங்க. அங்க காத்து நல்லா இருக்கும்போல. மூணு இட்லி சாப்பிட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது மகள் வாயில இருந்து நீளமா ஒரு நூலை இழுத்தா. ‘என்னம்மா இது’ன்னா. ‘அவரைக்கு நார் இருக்கும்டி’ன்னேன். அவ அந்த நூலைப் பார்த்தா, அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தா. மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். வெள்ளையா, மெல்லிசா, மிஷின் நூல் மாதிரியேதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் நினைக்கலை.

நான்தான் கெடுத்துக்கிட்டேன். போட்டோ எடுத்து ரிடையர் ஆன டீச்சருங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன். ‘பூக்காமலே காய்க்கும் அதிசய அவரை’ன்னு. பொங்கல் கழிஞ்சு நாலு டீச்சருங்க பார்க்க வந்தாங்க. கூடவே தோட்டக்கலையில வேலை பார்த்து ரிடையர் ஆன பொன்னுரங்கம்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. நான் கேசரி கிண்டி வச்சிருந்தேன்.

பொன்னுரங்கம் கண்ணாடியை மாத்திப் போட்டுக்கிட்டுப் பந்தலுக்குள்ள குனிஞ்சு போனார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு காயைத் தொட்டார். காய் கையோட வந்துச்சு, கூடவே முடிச்சும் வந்துச்சு. இன்னொரு காயைத் தொட்டார். அதுலயும் முடிச்சு.

‘டீச்சரம்மா, காய் அருமையா இருக்குதுங்க. ஆனா இது காய்ச்சதில்லை, கட்டினது’ன்னார். மரியாதையான மனுஷன், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனா அந்த நாலு பேருக்கும் காது நல்லாக் கேக்கும்.

எல்லாரும் கேசரியைச் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் பேசலை. அதுதான் எனக்கு இன்னும் அவமானம்.

யோசிச்சேன். யார் பண்ணியிருப்பாங்க? பேபி அக்காதான்னு முடிவு பண்ணினேன். என் கொடியில காய்ச்ச நிஜக் காயையெல்லாம் அவங்க பறிச்சுக்கிட்டு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு கடைக்காயைக் கட்டி விட்டிருக்காங்க. இல்லைன்னா அவங்க கொடியில மட்டும் எப்படி அவ்வளவு காய்? சுவத்துக்கிட்டப் போனேன். கிரவுண்டு குரல்லதான் கேட்டேன். பேபி அக்கா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்து, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டாங்க.

அப்புறம் சொன்னாங்க. ‘டீச்சர், கட்டினது உங்க மாப்பிள்ளை. தினமும் காலையில சந்தையில வாங்கிட்டு வந்து, நீங்க குளிக்கிற நேரத்துல ஒவ்வொண்ணா நூல் போட்டுக் கட்டுவார். நான் இந்த ஜன்னல்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். ஏன் கட்டினார்னு என்கிட்டக் கேக்காதீங்க. மூணு மாசமா நீங்க பேசினதெல்லாம் இந்தத் தெருவுக்கே கேட்டுச்சு. மாடிக்குக் கேக்காதுங்களா?’

‘நான் கொடியைத்தானே பேசினேன்’னேன்.

‘அப்படித்தான் நாங்களும் சொல்லிக்கிட்டோம்’னு உள்ள போயிட்டாங்க.

மாடி ஏறினேன். அந்த ரூமுக்குள்ள நான் போய் ஆறேழு மாசம் இருக்கும். கதவைத் திறந்தா, கொடி உள்ள வந்திருக்குது அம்மிணி. ஜன்னல் வழியா வந்து, நாற்காலி முதுகைச் சுத்தி, மேஜை விளக்கைச் சுத்தி, கம்ப்யூட்டர் மேல நாலு இலை தொங்குது. அவர் அதைக் கிள்ளலை, வெட்டலை. இலையை ஒரு கையால ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தட்டச்சு பண்ணிட்டிருந்தார். பக்கத்துல என்னோட தையல் பெட்டி. வெள்ளை நூல் கண்டுல பாதி காலி.

‘ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணினீங்க’ன்னேன்.

எந்திரிச்சு நின்னார். ‘காய் வந்துட்டா நீங்க திட்டமாட்டீங்கன்னுதாங்க அத்தை.’

‘நான் கொடியைத்தானே திட்டினேன்.’

‘தெரியும் அத்தை. அதனாலதான் கொடியில கட்டினேன். என்னைத் திட்டியிருந்தா எதைக் கொண்டுபோய் எதுல கட்டறதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது.’

சத்தியம் இருக்குதே. வேலையைப் பத்திப் பேசக்கூடாதுன்னா வேற என்ன பேசறது? கீழ வந்து இட்லி ஊத்தினேன். எச்சா ரெண்டு வச்சேன். ‘போதும் அத்தை’ன்னு சொல்லாம சாப்பிட்டார். பேபி அக்காகிட்ட மட்டும் போய், பேசினது தப்புன்னு சொல்லிட்டு வந்தேன். அது நிஜமாவே நான் பண்ணின தப்பு. மாப்பிள்ளை விஷயத்துல நான் பண்ணினது என்ன? கொடியைத் திட்டினா கொடிக்கு உறைக்கணும். மாடியில இருக்கிறவருக்கு உறைச்சா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நீயே சொல்லு. வேண்டாம், சொல்லாதே, முடிச்சுடறேன்.

அதுக்கப்புறம் நான் காலையில பந்தலடிக்குப் போகலை. ரெண்டு நாள், மூணு நாள் போகலை. நாலாம் நாள் அவரே ஜன்னலைத் திறந்து, ‘அத்தை, உடம்பு சரியில்லைங்களா’ன்னு கேட்டார். ‘நல்லாத்தான் இருக்கேன் மாப்பிள்ளை’ன்னேன். ‘சத்தமே காணோம், அதான்’னார்.

மாசி மாசம் அவருக்கு வேலை கிடைச்சுது. சரவணம்பட்டியில ஒரு கம்பெனி. மகளும் கோயமுத்தூருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டா. பங்குனியில ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. கிளம்பற அன்னைக்கு ஜன்னல்ல இருந்த கொடியை அவர் ஒவ்வொரு சுத்தாப் பிரிச்சு எடுத்து வெளிய விட்டார். ஒரு மணி நேரம் ஆச்சு. வேன்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தார். அந்தக் கொடி காய்க்கவே இல்லை அம்மிணி. கடைசி வரைக்கும் ஒரு பூ பூக்கலை. சித்திரை வெயில்ல இலையெல்லாம் கொட்டிக் காஞ்சுபோச்சு. வெட்டலை. அப்படியேதான் கிடக்குது. வீட்டுல இப்ப நான் மட்டும்தான். காலனியில என்ன பேசிக்கிறாங்கன்னு உனக்கு முதல்லயே சொன்னேனே.

இப்ப ஏன் போறேன்னா, முந்தாநாள் மாப்பிள்ளை போன் பண்ணினார். மகள் இல்லை, மாப்பிள்ளை. எனக்கு அவர் போன் பண்றது அதுதான் முதல் தடவை. ‘அத்தை, இங்க பால்கனியில டிரம்ல ஒரு அவரை வச்சேன். ஆடியில வச்சது, மார்கழியே வந்துடுச்சு, ஒரு மொட்டு இல்லைங்க’ன்னார்.

நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். ‘வந்து நாலு வார்த்தை பேசட்டுங்களா மாப்பிள்ளை’ன்னேன்.

‘அதுக்கில்லைங்க அத்தை. திட்டறதுக்கு இந்துவே இருக்கா. ஞாயித்துக்கிழமை கத்தியை எடுத்துட்டு வெட்டப்போறேங்கறா. வேண்டாம்னு கெஞ்சறதுக்குத்தான் ஆள் இல்லை. நான் கெஞ்சினா அது நம்பாதுங்க, வீட்டு ஆள்னு நினைச்சுக்கும். நீங்க வந்து சொல்லணும்’னார்.

நாளைக்குத்தான் ஞாயிறு. எனக்கு என்ன கவலைன்னா அம்மிணி, நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்லை. டி.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் வந்தப்பகூட நிமிர்ந்து நின்னவ. கெஞ்சறதுக்கு எப்படிக் குரல் எடுக்கணும்னே தெரியலை. அன்னூர் வர்றதுக்குள்ள ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன், கேளு. நீ இந்துமதின்னு வச்சுக்கோ. கையில கத்தி இருக்குது. நீ ‘வெட்டப்போறேன்’னு சொல்லு.

கத்தியைக் கீழ போடு.

இல்லை, இது அதட்டற மாதிரி இருக்குது. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். இரு, மறுபடியும் சொல்றேன்.

வேண்டாம் சாமி. வெட்டாதே. அது நல்ல கொடிதான். அது ஒரு தப்பும் பண்ணலை. பூக்கலைன்னா என்ன, அது இருக்கிறதே போதும். நாமதான் அவசரப்பட்டுட்டோம். வாயில வந்ததெல்லாம் பேசிட்டோம். அது கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்குது, நமக்குத்தான் தெரியலை. மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லு. இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மெதுவாவே வரட்டும்.

இப்படிச் சொன்னாச் சரியா அம்மிணி? பால்கனியில இருந்து ரூமுக்குள்ள கேக்குமா? இல்லை, சத்தம் பத்தலையா?